பயத்துக்கு ஒரு காரணம் வேண்டும்

1934 ஜனவரி 15 பிற்பகலில் கிழக்கு நேபாளத்திலும் வட பீகாரிலும் நிலம் அதிர்ந்தது. முங்கேரும் முசாபர்பூரும் இடிபாடுகளாயின. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மடிந்தார்கள். நிலம் அடங்கிய பிறகு புரளிகள் கிளம்பின. கங்கை சட்டென்று வற்றிப்போய், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துவிட்டார்களாம். நேபாள எல்லையிலிருந்து பெருவெள்ளம் வந்துகொண்டிருக்கிறதாம். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பெரிய நடுக்கம் வருமாம். அதிலும் தப்பியவர்களைப் பிப்ரவரியில் பிரளயம் கொண்டுபோகுமாம்.

ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் இந்தப் புரளிகளை அவை உலவிக்கொண்டிருந்த நாள்களிலேயே சேகரித்தார். 1935-இல் பிரிட்டனின் உளவியல் இதழ் ஒன்றில் அவருடைய கட்டுரை வெளியானது. வதந்தி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி உலகில் எழுதப்பட்ட முதல் நல்ல ஆய்வுகளில் அதுவும் ஒன்று. நம் நாட்டில் அதற்குக் கிடைக்கவேண்டிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

கட்டுரை வெளியாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதைப் படித்தார். ஒரு விஷயம் அவரை உறுத்தியது. பயந்துபோன மனிதன் ஆறுதலைத்தானே தேடுவான்? இவர்கள் ஏன் இன்னும் பயங்கரமான செய்திகளை உண்டாக்கி, நம்பி, அடுத்தவருக்கும் சொன்னார்கள்? பெரும்பாலான புரளிகள் உலவிய இடங்களில் மக்கள் அதிர்வை உணர்ந்திருந்தார்களே தவிர, பேரழிவை நேரில் பார்த்திருக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். உடம்பு நடுங்குகிறது, சுற்றிப் பார்த்தால் வீடுகள் நிற்கின்றன. இவ்வளவு பயத்துக்கு ஈடான காரணம் எதுவும் கண்ணில் படவில்லை. அந்தக் காரணத்தைப் புரளி கொண்டுவந்து கொடுத்தது. டார்ஜிலிங் மலைப்பகுதியில் நிலச்சரிவு நேர்ந்தபோது துர்கானந்த் சின்ஹா செய்த ஆய்வு 1952-இல் வந்திருந்தது. அங்கே மக்கள் அழிவின் நடுவிலேயே இருந்தார்கள், வரப்போகும் பேரழிவைப் பற்றிய புரளிகள் அவர்களிடம் இல்லை. அவர்கள் பயத்துக்கான காரணம் கண்முன்னே கிடந்தது. ஒன்றோடொன்று பொருந்தாத எண்ணங்கள் மனதை உறுத்தும், மனம் அந்த முரணைக் குறைக்கப் பார்க்கும் என்று ஃபெஸ்டிங்கர் 1957-இல் வெளியிட்ட முரண் உணர்வுக் கோட்பாடு உளவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அந்தச் சிந்தனைக்கு வித்திட்டவற்றில் பீகாரின் புரளிகளும் உண்டு.

சதிக் கதைகளை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்றோ படிக்காதவர்கள் என்றோ ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது தவறு, ஆபத்தானதும்கூட. பயமும் சந்தேகமும் முதலில் வருகின்றன, அவற்றுக்குப் பொருந்துகிற கதையை மனம் பிறகுதான் தேடிப்போகிறது. அந்தக் கதைக்குள் திட்டம் தீட்டிய ஒரு குற்றவாளியை உட்கார வைத்துவிட்டால் வதந்தி சதிக் கதையாகிவிடும்.

குற்றவாளியைத் தேடும் பழக்கம் மனதில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் இருவரும் ஒரு குறும்படத்தின் மூலம் காட்டினார்கள். படத்தில் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் ஒரு செவ்வகத்தைச் சுற்றி நகரும், அவ்வளவுதான். பார்த்ததை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் உயிருள்ளவற்றைப் பற்றி எழுதுவதுபோலவே எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடன், சின்னது வீரன், வட்டம் பயந்து ஒளிகிறது. வெறும் கோடுகளின் அசைவிலேயே எண்ணத்தையும் பகையையும் காண்கிற மனம், தொற்றுநோயிலும் விலையேற்றத்திலும் காணாமல் இருக்குமா? புதர் அசைந்தால் காற்று என்று எண்ணி நின்றவனைவிட, விலங்கு என்று எண்ணி ஓடியவனே பிழைத்திருப்பான் என்பது பரிணாம உளவியலார் பலர் தரும் விளக்கம். நிரூபிப்பது கடினம் என்றாலும் எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

பீகார் நிலநடுக்கத்தின்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை இந்த நடுக்கம் என்ற தம் நம்பிக்கையை வெளியிட்டார். தீண்டாமையை எதிர்ப்பதில் காந்தியோடு ஒன்றுபட்டு நின்ற தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கையின் நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் தேடவேண்டும், மக்களின் பகுத்தறிவின்மைக்கு இப்படித் தீனி போடக் கூடாது என்று அவர் எழுதிய மறுப்பைக் காந்தி தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். காந்தி சொன்னது சதிக் கதை இல்லை. பெரிய துயரத்துக்குப் பின்னால் பெரிய நோக்கம் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற ஏக்கம் எந்த உயரத்தில் இருப்பவரையும் தொடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

விளைவின் அளவுக்குக் காரணமும் இருக்கவேண்டும் என்று மனம் எதிர்பார்ப்பதை 1979-இல் மெக்காலி, ஜாக்வெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். அதிபர் ஒருவரைச் சுட்டதில் அவர் இறந்துவிட்டார் என்று சொன்னால், அதன் பின்னால் சதி இருந்திருக்கும் என்று கருதியவர்கள் அதிகம். குண்டு தவறிவிட்டது என்றால் குறைவு. 1963-இல் கென்னடி இறந்தார், அவரைப் பற்றிய சதிக் கதைகள் இன்றுவரை ஓயவில்லை. 1981-இல் ரீகன் சுடப்பட்டுப் பிழைத்தார், அதைப் பற்றி அப்படி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. முகம் தெரியாத ஒரு தனி மனிதன் மலிவான ஒரு துப்பாக்கியால் வரலாற்றையே திருப்பிவிட்டான் என்பதை ஏற்பதற்கு மனம் கூசுகிறது.

இந்தக் கூச்சம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒரு கதை ஓர் ஊரில் வேரூன்றுவதும் இன்னோர் ஊரில் உதிர்ந்துபோவதும் ஏன் என்பதை மூளையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஊரின் வரலாற்றையும் பார்க்கவேண்டும். எய்ட்ஸ் பற்றிய கதையை எடுத்துக்கொள்வோம்.

1983 ஜூலையில், டெல்லியிலிருந்து வெளிவந்த 'பேட்ரியாட்' என்ற சோவியத் சார்புள்ள ஆங்கில நாளேட்டில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை, அமெரிக்க விஞ்ஞானி என்ற அறிமுகம் மட்டும் இருந்தது. எய்ட்ஸ் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட நோய், மேரிலாந்தின் ஃபோர்ட் டெட்ரிக்கில் உருவானது என்றது கடிதம். சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி. நட்ட விதை அது. இரண்டு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் வார இதழ் ஒன்று, இந்தியப் பத்திரிகையில் வந்த செய்தி என்று டெல்லிக் கடிதத்தை ஆதாரம் காட்டி அதே கதையை வெளியிட்டது. மாஸ்கோ தானே எழுதிய கடிதத்தைத் தானே சாட்சிக்கு அழைத்தது. பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஓய்வுபெற்ற உயிர் இயற்பியலாளர் யாக்கோப் சேகல், இரண்டு வைரஸ்களை ஒட்டி இதைச் செய்தார்கள் என்று விஞ்ஞான மொழியில் ஒரு விளக்கம் எழுதினார். 1987-க்குள் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஊடகங்களில் கதை வந்துவிட்டது. 1992-இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறையின் தலைவர் யெவ்கெனி பிரிமகோவ், இதன் பின்னால் சோவியத் உளவுத் துறை இருந்ததை ஒப்புக்கொண்டார்.

எச்.ஐ.வி. எங்கிருந்து வந்தது என்பது இன்று தெளிவாகத் தெரியும். கேமரூனின் தென்கிழக்குக் காடுகளில் வாழும் சிம்பன்ஸிகளிடமிருந்து, பெரும்பாலும் வேட்டையின்போது ரத்தம் பட்டு, மனிதருக்குத் தாவிய வைரஸ் அது. மரபணு வேறுபாடுகளைக் கொண்டு கணக்கிட்டால், மனிதரிடையே அது பரவத் தொடங்கிய காலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி விழுகிறது. கின்ஷாசாவில் 1959-இல் எடுத்த ரத்த மாதிரியிலேயே அது இருந்திருக்கிறது. அப்போது மரபணுக்களை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் பிறக்கவேயில்லை.

இத்தனைக்குப் பிறகும் கதை சாகவில்லை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கேள்வி கேட்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், எய்ட்ஸ் அரசு ஆய்வுக்கூடத்தில் உருவானது என்று நம்பினார்கள். அப்படி நம்பிய ஆண்களிடம் ஆணுறைப் பழக்கமும் குறைவாக இருந்தது. ஆனால் இவர்களைக் குறை சொல்வதற்கு முன் டஸ்கீகியை நினைக்கவேண்டும். 1932 முதல் 1972 வரை, அலபாமா மாநிலத்தில் மேகநோய் கண்ட 399 ஏழைக் கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை அளிப்பதாகச் சொல்லிக்கொண்டே, சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. 1940-களில் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஃபோர்ட் டெட்ரிக்கிலும் 1969 வரை உயிரி ஆயுத ஆராய்ச்சி உண்மையிலேயே நடந்தது. கே.ஜி.பி. கண்டுபிடித்துச் சொன்ன பொய் மிகச் சிறியது. அதைத் தாங்குவதற்கான தூண்களை அமெரிக்க அரசே கட்டி வைத்திருந்தது.

அப்படியென்றால் உண்மையான சதியையும் கற்பனைச் சதியையும் எப்படிப் பிரித்தறிவது? டஸ்கீகிக்கு இடம் உண்டு, காலம் உண்டு, மருத்துவக் குறிப்பேடுகள் உண்டு. உள்ளே பணியாற்றிய ஒருவர் மனம் பொறுக்காமல் பத்திரிகையாளரிடம் கொடுத்தார், செய்தி வந்ததும் ஆய்வு நின்றது. கற்பனைச் சதியை எந்தச் சான்றாலும் அசைக்க முடியாது. எதிரான சான்று ஒன்று கிடைத்தால் அதுவும் சதியின் பகுதி என்று கதை அதை விழுங்கிவிடும். மறுக்கிற விஞ்ஞானி விலைபோனவர், மௌனமாக இருப்பவர் மிரட்டப்பட்டவர். தவறு என்று நிரூபிக்கப்படக்கூடிய ஓர் இடத்தைக்கூட விட்டுவைக்காத கதையை அதனாலேயே சந்தேகிக்கலாம்.

சொன்னதையே சொல்வதன் வலிமையையும் மாஸ்கோ அறிந்திருந்தது. 1977-இல் லின் ஹேஷரும் இரு சகாக்களும் மாணவர்களுக்கு இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை பொது அறிவு வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியங்களின் மதிப்பெண் ஒவ்வொரு முறையும் ஏறியது. முன்பு கேட்டது மனதில் எளிதாக ஓடுகிறது, அந்த எளிமையை மனம் உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. சரியான விடை தெரிந்தவர்களும் இதற்குத் தப்பவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஒரே செய்தி சித்தப்பாவிடமிருந்தும், பள்ளித் தோழியிடமிருந்தும், அடுக்குமாடிக் குடியிருப்புக் குழுவிலிருந்தும் வந்தால் மூன்று சாட்சிகள் என்று தோன்றுகிறது. மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பது கைபேசித் திரையில் தெரிவதில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல், ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளின் பயணத்தை ஆராய்ந்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு ஆன நேரம் பொய்க்கு ஆனதைப்போல் ஆறு மடங்கு. தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் நிலைமை மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்கள்தான். பொய்யில் புதுமை அதிகம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். வாட்ஸ்அப்பில் பரவுவதை வெளியிலிருந்து இப்படி அளக்க வழியில்லை. அங்கே செய்தியோடு உறவும் சேர்ந்து வருகிறது. அத்தை அனுப்பியதை மறுத்தால் அத்தையையே மறுத்ததாகிவிடுமோ என்று தயங்கிப் பேசாமல் இருக்கிறோம். அந்த மௌனத்தைப் பார்க்கிற மற்றவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் பெரிய முகாம் தொடங்கியது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடும் இதயக் குறையோடும் காது கேளாமலும் பிறக்கக்கூடும், அதைத் தடுக்கிற ஊசி இது. தொடங்குவதற்கு முன்பே குரல் பதிவுகள் சுற்ற ஆரம்பித்தன. வெளிநாட்டுக் கம்பெனியின் பரிசோதனை, பிள்ளைகளுக்கு மலட்டுத்தன்மை வரும், எங்கோ குழந்தைகள் இறந்துவிட்டார்கள். உண்மையில் தடுப்பூசி புனேயில் தயாரானது. இதே தடுப்பு மருந்தை அம்மைக்கட்டு ஊசியோடு சேர்த்துத் தனியார் மருத்துவமனைகள் பல ஆண்டுகளாகப் போட்டுவந்தன. ஆனாலும் பெற்றோர் பலர் பள்ளிக்குப் போய் ஊசி வேண்டாம் என்று சொன்னார்கள், முகாமை நீட்டிக்கவேண்டியதாயிற்று. ஒரு மாதம் முன்புதான் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். நாட்டு மாடுகளை அழிக்க வெளிநாட்டுக் கம்பெனிகள் திட்டமிடுகின்றன என்ற பேச்சு அப்போதே வாட்ஸ்அப் குழுக்களில் நிறைந்திருந்தது. போராட்டத்தின் நியாயம் வேறு விஷயம். வெளியிலிருந்து வருவது எதையும் நம்பாதே என்ற மனநிலை தயாராக இருந்த நேரத்தில் ஊசி வந்து சேர்ந்தது என்பது என் கணிப்பு.

அடுத்த ஆண்டு மே மாதம் பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய புரளி உயிர்களைக் குடித்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த குடும்பத்தினர் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக் கூடிய கூட்டம் அவர்களைத் தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த மாதங்களில் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வருகிறவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் அது. கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு ஓர் அறிவிப்பைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

வாட்ஸ்அப் 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியபோது, அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. விரலுக்கு ஒரு சின்னத் தடை வைத்ததற்கே இவ்வளவு பலன். திருத்துவதும் வீணில்லை. திருத்தினால் நம்பிக்கை இன்னும் இறுகிவிடும் என்று ஒரு காலத்தில் அஞ்சினார்கள், பிந்தைய பெரிய ஆய்வுகளில் அந்த எதிர்விளைவு அநேகமாகத் தென்படவில்லை. 2024-இல் வெளியான ஆய்வில், சதிக் கதைகளை நம்பியவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் காரணங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதினார்கள். அந்தந்தக் காரணத்துக்கே அது பொறுமையாகச் சான்றுகளோடு பதில் சொன்னது. நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது. ஒருவர் எதனால் நம்புகிறார் என்று முதலில் கேட்டதுதான் வேலை செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதை மனிதர்களும் செய்யலாம், செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், போலியோ சொட்டு மருந்து முஸ்லிம் குழந்தைகளை மலடாக்கும் அரசின் சதி என்ற பேச்சு நெடுங்காலம் நிலவியது. 2001-இல் நாடு முழுவதும் 268 ஆக இருந்த போலியோ பாதிப்பு, 2002-இல் 1,600 ஆக ஏறியது. அதில் பெரும்பங்கு உத்தரப் பிரதேசத்துக்கு. அந்தப் பயமும் வானத்திலிருந்து விழவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. பலரைக் கட்டாயப்படுத்திப் பிடித்துக்கொண்டு போனார்கள். முசாபர்நகரில் அதை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அன்று சிறுவர்களாக இருந்தவர்கள்தான் 2002-இல் வீட்டு வாசலில் சொட்டு மருந்துப் பெட்டியோடு நின்றவர்களைப் பார்த்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பல முறை சொட்டு மருந்து குடித்த குழந்தைகளுக்கும் அங்கே போலியோ வந்தது. நெரிசலும் அசுத்தத் தண்ணீரும் ஓயாத வயிற்றுப்போக்கும் நிறைந்த சூழலில், ஒரு தவணை மருந்து தரும் பாதுகாப்பு மற்ற மாநிலங்களில் கிடைத்ததில் பாதிகூட இல்லை என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் மீண்டும் மீண்டும் கொடுத்தார்கள். மாதாமாதம் வருகிறார்களே, ஏன்? என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, தெருவில் சாக்கடை ஓடுகிறது, குடிதண்ணீர் இல்லை, அதற்கெல்லாம் வராத அரசாங்கம் இந்த இரண்டு சொட்டுக்காக மட்டும் ஏன் என் வாசலில் நிற்கிறது? ஒரு தாய் இப்படிக் கேட்டால் அதில் என்ன தவறு? கேள்வி முழுக்க நியாயமானது. அதற்கு வேறு யாரும் பதில் சொல்லாத இடத்தில் சதிக் கதை பதிலாக வந்து நின்றது.

பிரச்சாரத்தை மட்டும் கூட்டியிருந்தால் இது தீர்ந்திருக்காது. யூனிசெஃப் அந்தந்தத் தெருவின் பெண்களையே ஆயிரக்கணக்கில் பணியில் சேர்த்தது. எந்த வீட்டில் எத்தனை குழந்தை, எந்த மாமியார் மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்பதெல்லாம் அவர்கள் குறிப்பேடுகளில் இருந்தன. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணைக்கு வந்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் இமாம்கள் முகாம் நாளை அறிவித்தார்கள், தங்கள் குழந்தைகளுக்கே முதலில் சொட்டு கொடுத்துக் காட்டியவர்களும் உண்டு. விஞ்ஞானிகள் மருந்தையும் மாற்றினார்கள். அங்கே பரவிய வைரஸ் வகைகளுக்கு மட்டுமான, வீரியம் கூடிய சொட்டு மருந்துகள் 2005-லும் 2010-லும் வந்தன.

2009-இல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் விடாப்பிடியாகத் தங்கியிருந்த 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு தனித் திட்டம் போட்டார்கள். சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், கைகழுவும் பழக்கம், தாய்ப்பால், கழிப்பறை, சுத்தமான தண்ணீர், மற்றத் தடுப்பூசிகள் என்று அந்தத் தாயின் கேள்வியில் இருந்த பலவற்றையும் அதில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்திருந்தது. 2010-இல் 42. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததற்குப் பிறகு, நாட்டில் வேறு எந்தக் குழந்தையையும் இயற்கைப் போலியோ வைரஸ் முடக்கவில்லை.